செருப்புக் காவல்

தை பிறந்து, பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு நானும் என் கணவரும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். நான் பள்ளியிலிருந்தும் அவர் அலுவலகத்திலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, 2016-இல் தொடங்கிய பழக்கம் இது. சிம்மக்கல்லில் வைகைக்கு அருகில் எங்கள் வீடு. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைப் பனி அவர் மூச்சுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கடலோரத்தில் அந்தத் தொல்லை குறைவு. நிலம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் சீக்கிரம் விட்டுவிடும். கடல் மெதுவாகத்தான் விடும். மதுரையில் போர்வையை இழுத்துப் போர்த்தும் நேரத்தில் திருச்செந்தூரில் மின்விசிறி போட்டுப் படுக்கலாம்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அங்கிருந்து கடல் இடது கைப்பக்கம் கூடவே வரும். உப்பளங்கள், பனைகள், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணல் குன்றின்மேல் பழைய சிலுவைக் கோயில் நிற்கும் மணப்பாடு, செம்மண் தேரிக்காடு, உவரி, கடைசியில் கன்னியாகுமரி. மொத்தம் பத்து நாள்.

இப்படிப் பனிக்குப் பயந்து கடலோரம் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஓய்வு பெற்ற தம்பதிகள் குளிர்காலம் வந்தால் மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு இறங்கிவிடுவார்கள். மசட்லான், புவேர்ட்டோ வயார்ட்டா போன்ற ஊர்களில் மாதக்கணக்கில் தங்குவார்கள். வீட்டையே வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பனிப்பறவைகள் என்று அவர்களுக்குப் பெயர். என் கணவருக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவுடன், "பறவை ரெண்டும் கிளம்பியாச்சு" என்பார்.

ஒரு பறவையின் பைகளில் என்ன இருந்தது என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

அவருக்கு ஓட்டல் காப்பி ஆகாது. எனவே சின்ன மின்னடுப்பு ஒன்று, பால் காய்ச்சும் பாத்திரம், ஃபில்டர், காப்பித்தூள் டப்பா, சர்க்கரை. வெளியூர் எண்ணெய் வயிற்றுக்குச் சேராது என்பதால் ஒரு கிலோ அரிசி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். அவருடைய இரத்தக் கொதிப்பு மாத்திரைகள், நாள்வாரியாகப் பிரித்துக் கட்டியவை. சலவை சோப்பு, கொடி கட்டக் கயிறு, கிளிப்புகள். தங்கும் விடுதியில் நான் செய்த வேலை சிம்மக்கல் வீட்டில் செய்த அதே வேலைதான். இடவசதி மட்டும் குறைவு. குளியலறை வாளியில் துணி அலசுவேன். மேசைக்கடியில் பிளக் தேடிப் பால் காய்ச்சுவேன். விடுதிக்காரர் சமைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து, வாசனை வெளியே போகாமல் திருட்டுத்தனமாகச் சோறு பொங்குவேன். அப்போது எனக்கு அது ஒரு குறும்பாகவும் சாமர்த்தியமாகவும்கூடத் தெரிந்தது.

காலையில் கடலுக்குப் போவோம். அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். பிறகு கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செல்போன், பர்ஸ். கடைசியாகச் செருப்பு. "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அலைக்குள் போவார். அரைமணி நேரம் குதித்துக் குதித்துக் குளிப்பார். நான் கரையில் பையோடு நிற்பேன். திருச்செந்தூர் கரையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் என்னைப்போல் பையும் செருப்புமாக நிற்கிற பெண்கள் வரிசையாக இருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். "எந்த ஊரு?" என்று விசாரித்துக்கொள்வோம். திரும்பி வந்து தலை துவட்டும்போது, "நீயும் எறங்கியிருக்கலாம்ல" என்பார் அவர். "பையை யாரு பாப்பா?" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்றாம் பயணம் முடிந்து வந்ததும் எங்கள் மகள் படங்களை அனுப்பச் சொன்னாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, நீ கடல்ல எறங்கவே இல்லையா?"

படமெடுத்தவள் நான், அதனால் படத்தில் இல்லை என்று பதில் சொன்னேன். அது பாதி உண்மை. கணுக்காலுக்குமேல் நான் நனைந்ததே இல்லை என்பது மீதி. முப்பது நாள் கடலோரத்தில் இருந்திருக்கிறேன். கடல் எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த முப்பது நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது செருப்பை.

என் கணவர் கெட்டவரா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கை ஓங்கியதில்லை, என் சம்பளத்துக்குக் கணக்குக் கேட்டதில்லை. கடலில் இறங்காதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. இறங்கியிருக்கலாமே என்றுதான் சொன்னார். இங்கேதான் சிக்கல். யாரும் தடுக்காத ஒன்றை ஒருத்தி மூன்று வருடம் செய்யாமலிருந்தால், அது அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒருவருடைய சுகம் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பதால் கிடைக்கிறது. அந்த நிற்றல் அவர் கண்ணில் படவே இல்லை. தெரியாமல் அனுபவித்ததற்கு ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் குற்றத்தின் பங்கு இரண்டு. அவர் பார்க்காமலிருந்தது ஒன்று, பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு வராதபடி நான் பார்த்துக்கொண்டது இன்னொன்று. துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தது விடுதிக்காரருக்குத் தெரியாமலிருக்க மட்டுமா? நான் உழைப்பது என் கணவருக்கும் தெரியாமலிருக்கத்தான் என் சாமர்த்தியம் முழுக்கச் செலவானது. நல்ல மனைவி என்று நம்மூரில் பெயர் வாங்குவதற்கு, வேலை செய்வது போதாது. வேலை செய்த சுவடும் தெரியக்கூடாது.

தமிழில் பயணத்துக்குப் பெரிய இலக்கியமே உண்டு. அதில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பிரிந்து போவது பாலை, இருந்து காத்திருப்பது முல்லை, கடற்கரையில் இரங்கி நிற்பது நெய்தல். போகிறவன் தலைவன், இருப்பவளும் இரங்குபவளும் தலைவி. பெண்ணோடு கடல் கடந்து போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் ஒரு நூற்பாவில் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. பாலைக்கு உரிய காலங்களில் பின்பனிக் காலத்தையும் அது சேர்த்திருக்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக, பனிக்காலத்துப் பயணம் நமக்குப் புதிதில்லை. அவள் கூட வருவதுதான் புதிது.

கூட வந்தவளும் ஒருத்தி இருக்கிறாள். மதுரைக்கு வந்த தம்பதிகளில் மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற தம்பதி கோவலனும் கண்ணகியும்தான். எங்கள் சிம்மக்கல் பக்கத்துச் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கும் ஒரு சிலை உண்டு. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். மகள் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் சிலப்பதிகாரத்தை வேறு கண்ணோடு திரும்பப் படித்தேன். புகாரில் கோவலன் மாதவியோடு கடற்கரையில் யாழிசைத்துக் கொண்டிருக்கும்போது கண்ணகி வீட்டில் இருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த பயணம், எல்லாம் தொலைந்த பிறகு மதுரைக்கு நடந்தது. பழக்கமில்லாத கால்கள். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே மதுரை எங்கே என்று கேட்கிறாள். அவ்வளவு தூரம் நடந்து வந்து, மாதரியின் வீட்டில் அடைக்கலம் புகுந்து, ஊரில் அவள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சமையல். காய் அரிந்து விரல் சிவக்க, முகம் வியர்க்க, அடுப்புப் புகையில் கண் சிவக்கச் சமைத்து, இலை போட்டுக் கோவலனுக்குப் பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டு அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனான். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். மதுரையை எரித்த கண்ணகியைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் இருக்கின்றன. வந்த களைப்பு ஆறுமுன் அடுப்பைப் பற்றவைத்த கண்ணகியை நான் என் நாற்பது வருட ஆசிரியர் வாழ்வில் ஒருமுறைகூட வகுப்பில் நிறுத்திப் பேசவில்லை.

2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். இந்த ஐந்து மணி நேரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஓய்வு பெறும் வயது கிடையாது. பனிக்காலப் பயணத்திலும் அது மின்னடுப்பாகச் சுருங்கிப் பைக்குள் ஏறிக்கொள்கிறது.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருப்பவர் சபரிமலைக்குப் போனால் ஷட்டரை இறக்கிப் பூட்டு போட்டு, ஒரு அட்டையில் தேதி எழுதித் தொங்கவிடுவார். கடை மூடியிருக்கிறது என்று ஊர் புரிந்துகொள்ளும். சமையலறைக்கு ஷட்டர் இல்லை. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது கொச்சித் தம்பதி விஜயன், மோகனா கதை. கடவந்திராவில் சின்ன டீக்கடை நடத்தியவர்கள். கிடைப்பதில் நாளுக்கு 300 ரூபாய் ஒதுக்கிவைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து உழைத்துக் கடனை அடைத்து, மறுபடி கிளம்பி என்று 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமான செய்தியைப் படித்துவிட்டு என் கணவர், "எப்படி ஒரு ஜோடி பாரு" என்றார். எனக்கு அவர்களிடம் பிடித்தது நாடுகளின் எண்ணிக்கை இல்லை. ஒரே கடையில், ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் நின்றார்கள். களைப்பு இரண்டு பேருக்கும் ஒன்று. அதனால் ஓய்வும் ஒன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலோ அவர் ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்து. நான் ஓய்வு பெற்றது இரண்டு வேலைகளில் ஒன்றிலிருந்து.

அந்தச் செய்தி வருவதற்கு வெகு முன்பே, நான்காம் வருடத்தில், நான் ஒரு காரியம் செய்திருந்தேன். போகிக்கு முதல்நாள் அவரிடம் சொன்னேன். "ஏங்க, இந்தத் தடவை பையை நீங்க கட்டுங்க."

"நானா? என்னென்ன வைக்கணும்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கும் மொதல்ல தெரியாதுதான்."

மின்னடுப்பு வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு கட்டினார். தன் மாத்திரையையே மறந்துவிட்டார். தூத்துக்குடியில் மருந்துக் கடை தேடி வாங்கினோம். இரண்டு நாள் டீக்கடைக் காப்பியைக் குறை சொன்னார், மூன்றாம் நாள் விட்டுவிட்டார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரவர் துணியை அவரவர் அலசினோம். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது. மூன்று வருடமாக நான் காவல் காத்தது எதை?

திருச்செந்தூரில் என் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "பாத்துக்கோங்க." சேலையோடு இறங்கினேன். முதல் அலை முழங்காலில் அடித்தது, இரண்டாவது என்னை உட்கார வைத்தது. மூக்கில் உப்பு ஏறி இருமினேன். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். கரையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் செருப்பைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாம். கரையேறியதும் சொன்னார். "கடலையே பாக்க முடியல. பை மேலயே கண்ணு இருக்கு."

"ஆமா" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்று முழுக்க அவர் அதிகம் பேசவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நானும் அடுத்த ஒரு வருடம் தோழிகளிடமெல்லாம் இதுவரைதான் சொன்னேன். மீதிக் கதை மறு வருடம், 2020 ஜனவரியில், கன்னியாகுமரி விடுதியில் இரவு பதினொரு மணிக்கு வந்த ஒரு போனில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் என் மாமியார் இருக்கிறார். அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ள ஆற்றுக்கு அக்கரையில் மதிச்சியத்திலிருந்து ஒரு அக்கா வருவார். பகலில்தான் வேலை. நாங்கள் கடற்கரைக்குப் போகும் பத்து நாளும் இரவிலும் தங்குவார். அதற்குத் தனிக் கூலி. போனில் அவர்தான். "டீச்சர், பெரியம்மாவுக்கு ராத்திரியெல்லாம் வயித்தால போகுது. மூணு தடவை துணி மாத்திட்டேன். டாக்டர்கிட்ட கேட்டு மருந்து கொடுத்திருக்கேன். எம் பேரனுக்கும் காய்ச்சலா கெடக்கு, போய் ஒரு எட்டுப் பாக்க முடியல. எப்ப வருவீங்க?"

"இன்னும் நாலு நாள் இருக்கேக்கா" என்றேன்.

"சரிங்க டீச்சர்."

அந்தச் "சரி"யை எனக்குத் தெரியும். மூன்று வருடம் திருச்செந்தூர் கரையில் நின்று நான் சொன்ன சரி அது.

கணவரிடம் சொன்னேன். "கூடக் கொஞ்சம் காசு கொடுத்துருவோம்" என்றார். நாங்கள் உடனே கிளம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பினோம். விடுதி அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, மாமியாருக்கும் மறுநாளே சரியாகிவிட்டது என்பவை காரணங்கள். இதை எழுதாமல் விட்டால் நான் இதுவரை எழுதியதற்கு மதிப்பில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள், மாமியாருக்குத் தலை வாரிக்கொண்டே அந்த அக்கா கடலைப் பற்றி விசாரித்தார். "நீங்க கடல் பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன். "ராமேஸ்வரம் போயிருக்கேன் டீச்சர். அவருக்குக் காரியம் பண்ண. அன்னைக்கு எங்க கடலைப் பாக்க? எள்ளு எங்க, வாழையெல எங்க, அய்யருக்கு எவ்வளவுன்னு ஓடவே சரியாப் போச்சு."

நான் செருப்பை என் கணவர் கையில் கொடுத்துவிட்டதாகத்தானே நினைத்தேன்? பெரிய சுமையைக் கொடுத்தது வேறொருவர் கையில். காப்பியும் துணியும் அவருக்குப் போயின. படுக்கையில் கிடக்கும் அவருடைய தாய் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போனார், அவரைத் தொடாமலே.

அரிஸ்டாட்டில் ஓய்வைப் பற்றி உயர்வாக எழுதியவர். நல்ல வாழ்வுக்கும் அரசியலில் பங்கேற்கவும் குடிமகனுக்கு ஓய்வு வேண்டும், அன்றாடத் தேவைக்கான உழைப்பிலிருந்து அவன் விடுபட்டிருக்க வேண்டும் என்றார். அந்த உழைப்பை யார் செய்தார்கள் என்றால், அடிமைகளும் பெண்களும். இதைப் படித்தால் நமக்குக் கோபம் வரும். ஆனால் படித்த, ஓய்வூதியம் வாங்கும், பெண்ணுரிமை பேசும் ஒருத்தியின் பத்து நாளும் அதே கணக்கில்தான் ஓடியது. ஏணியில் ஒரு படி நான் ஏறினேன். ஏணி அப்படியே இருந்தது.

கூலி கொடுத்துத்தானே வேலை வாங்கினாய், அதில் என்ன தவறு என்று கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். கூலி வேலையில் தவறில்லை. குற்ற உணர்ச்சியில் ஒருமுறை, "இனிமே நாங்க போகலக்கா" என்று சொன்னபோது அவர் பதறிப்போனார். "அய்யோ, அந்தப் பத்து நாள் காசுலதான் டீச்சர் நான் சீட்டுக் கட்டுறேன்." என் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்த அவருடைய வருமானத்தை வெட்டுவது நியாயமாகாது. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

இரண்டு இடங்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, வேலை கைமாறும்போது அது ஆண்களைத் தாண்டிக்கொண்டு போகிறது. என் மாமியாருக்கு இரண்டு மகன்கள். பத்து நாள் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தபோது அந்த இரண்டு பெயர்களும் என் வாயில்கூட வரவில்லை. இரண்டாவது, நாம் கூலியைக் கொடுக்கிறோம், விடுப்பைக் கொடுப்பதில்லை. என் ஓய்வுக்கு அவர் விலை பெற்றார். அவருடைய ஓய்வு என்று ஒன்று எங்கள் பேச்சிலேயே இல்லை. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது பெரிய விஷயம். அதுபோல ஓய்வையும் உரிமை என்று சொல்வதானால், அது என்னோடு நின்றுவிடக் கூடாது. எனக்காக விழித்திருந்தவர் வரைக்கும் போக வேண்டும்.

சொல்வது சுலபம். கொரோனா இரண்டு வருடப் பயணத்தைத் தின்றது. மறுபடி கிளம்பும் பேச்சு வந்தபோது கொழுந்தனாரிடம் பேசச் சொன்னேன். "நீங்க ஊர் சுத்தறதுக்கு நான் லீவு போடணுமா?" என்று கேட்டார். பிறகு தன் மனைவியை அனுப்புவதாகச் சொன்னார். "அவ வேண்டாம், நீங்க வாங்க" என்றேன். மூன்று மாதம் அந்த வீட்டோடு பேச்சு இல்லை. ஒரு தை வீட்டிலேயே கழிந்தது. மறு வருடம் வந்தார். பத்து நாள் ஐந்தானது.

அதிலும் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "மகன் கையால கழுவிக்க எனக்குக் கூச்சமா இருக்கும்மா" என்றார். அந்த உடம்பு அவருடையது. அதன் மானமும் அவருடையது. நியாயம் பேசுகிற வேகத்தில் அவரைக் கேட்க மறந்திருந்தேன். கடைசியில், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் மதிச்சியத்து அக்கா வந்து குளிப்பாட்டிவிடுவது, மற்ற நேரமும் இரவும் மகன் என்று முடிவானது. கூலி பழைய பத்து நாள் கணக்கில்தான். நாங்கள் திரும்பி வந்ததும் அக்காவுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு. அந்தப் பத்து நாள் என் கணவரும் நானும் மாறி மாறிப் பார்க்கிறோம். அவர் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்கிறார். செய்கிறார். இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். முன்பிருந்ததைவிடக் குறைவான பொய் உள்ள ஏற்பாடு, அவ்வளவுதான்.

முதல் விடுப்புக்கு முன்னால் எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. அக்காவையும் எங்களோடு ஒருமுறை கடற்கரைக்குக் கூட்டிப்போனால் என்ன? செலவு எங்களுடையது. அவர் நிம்மதியாகக் கடலைப் பார்க்கட்டும், நான் செருப்பைப் பிடித்துக்கொள்கிறேன். மனதுக்குள் படம்கூட எடுத்துவிட்டேன். ஆசையாகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார். "உங்ககூட வந்தா நான் வேலைக்கு வந்த மாதிரிதான டீச்சர் இருக்கும்? நீங்க பையைத் தூக்குனா என் கை சும்மா இருக்குமா?" என்றார். "நான் வீட்ல கதவைச் சாத்திட்டு நல்லாத் தூங்குறேன்."

என் ஓய்வு கடல் என்பதால் அவர் ஓய்வும் கடலாக இருக்க வேண்டுமென்று எனக்கு யார் சொன்னது?

இந்தத் தையிலும் விடுப்பில் போனார். பத்தாம் நாள் கழித்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எங்காவது போனீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மாமியாரின் அறைக்குள் போய்ச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் காப்பி போடப் போனேன். அடுப்படியில் என் கணவர் ஏற்கெனவே பாலைப் பொங்கவிட்டு, துடைப்பதற்குத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

துணி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தேடி எடுத்தார்.